வரவு

வாரத்துக்கு நாற்பது விண்ணப்பம்.
பை கசிந்து போர்வை நனையும் வீட்டுக்கு
ஒரு வாஷிங் மெஷின்.
இன்சுலின் வைக்க ஒரு குட்டி ஃப்ரிட்ஜ்.
முதுகு வளைந்த பையனுக்கு மெத்தை.
கிரிம்ஸ்பி மீன்சந்தையில் முப்பது வருடம் நின்றவர்
உட்கார ஒரு நாற்காலி கேட்கிறார்.
கைப்பிடி உண்டா, எந்தக் கடை,
மூன்று விலைப்பட்டியல் எங்கே என்று
திருப்பி எழுதுகிறேன்.
நிற்க முடியாதவரை
மூன்று கடை ஏறி இறங்கச் சொல்கிறேன்.

முந்நூறு பவுண்டு வரை என் கையெழுத்து போதும்.
அதற்கு மேல் கமிட்டி.
மாதத்தின் இரண்டாம் செவ்வாய், பிஸ்கட் தட்டோடு.
ஹிலரி டவுஸ், பழைய வார்டு சிஸ்டர்,
எல்லாம் படித்துவிட்டு வருவார்.
மற்ற மூவரும் என் சுருக்கத்தைப் படிப்பார்கள்.
ஆறு வரியில் ஒரு ஆளை அடக்குவது
எனக்குக் கைவந்துவிட்டது.
அதில் பெருமைப்பட்ட நாட்களும் உண்டு.

கார்பெட் தருவதில்லை. கடன் அடைப்பதில்லை.
இறுதிச்சடங்குக்கு வேறொரு அறக்கட்டளை,
முகவரி இணைத்துள்ளோம்.
வார்டில் கிடந்தபடி
நாய்க்குத் தீனி கேட்டவருக்கு
ஆறாம் விதியைக் காட்டி மறுத்தேன்.
அந்தக் கடிதத்தில் 'வருந்துகிறோம்' மூன்று இடத்தில் இருந்தது.
இரண்டை எடுத்தேன்.

ஜனவரியில் டோரீன் ஓட்லிங்.
நீல மை. கட்டத்தைத் தாண்டாத எழுத்து.
கணவர் ஆற்றுக்கு அக்கரையில், ஹல் ஆஸ்பத்திரியில்.
பாலம் கடந்து போக பஸ் காசு.
போய்வர எட்டு பவுண்டு,
வாரம் மூன்று தடவை, ஆறு வாரம்.
நூற்று நாற்பத்து நான்கு.
ஒரு டீக்குக்கூடச் சேர்த்துக் கேட்கவில்லை.

பதினான்காம் கேள்வி என்னுடையதல்ல,
எங்களுக்குப் பணம் தருகிறவர்களுடையது:
இந்த உதவியின் பலனை எப்படி அளவிடுவீர்கள்?
எல்லோரும் தடுமாறும் இடம்.
மனநலம் மேம்படும் என்று
யாரோ சொல்லிக்கொடுத்ததை எழுதுவார்கள்.
டோரீன் எழுதியிருந்தார்:
நான் பக்கத்தில் உட்கார்ந்தால் சாப்பிடுவார்.

அன்றே கையெழுத்திட்டேன்.

பதினேழாம் நாள் ஒரு உறை.
நூற்றுப் பதினைந்து பவுண்டுக்குக் காசோலை.
ஒரு தாளில் செல்லோடேப் போட்டு ஒட்டிய
நான்கு டிக்கெட்.
மூன்று, போய்வர.
நான்காவது, போக மட்டும்.

கீழே அதே நீல மை:
காலை ஆறு மணிக்கு ஃபோன் வந்தது.
பக்கத்து வீட்டு ஐரிஸுக்கு மதியம்வரை வேலை,
பிறகு காரில் வந்து கூட்டிப்போனாள்.
போக மட்டும் என்றால் ஐந்து பவுண்டு,
பாதி விலையில்லை. மன்னிக்கவும்.

திரும்பி வரும் பணத்துக்கு
எங்கள் மென்பொருளில் இடம் கிடையாது.
இதுவரை யாரும் கேட்டதில்லையே என்றான் கேலம்.
செலவுப் பக்கத்திலேயே
கழித்தல் குறி வைத்துப் போடலாமாம்.
வேண்டாம் என்றேன்.
போனது செலவு. அவர் போய்விட்டார்.
இது வந்தது.

வரவுப் பக்கத்தில்
மாரத்தான் ஓடியவர்கள், உயில் எழுதி வைத்தவர்கள்,
ஒரு சூப்பர் மார்க்கெட்.
அவர்களுக்குக் கீழே
டி. ஓட்லிங், 115 என்று அடித்தேன்.
உடனே பிரிண்டர் தானாக முனகிக்கொண்டு
ஒரு கடிதம் துப்பியது:
உங்கள் தாராள மனதுக்கு நன்றி,
மாதாமாதம் தர விருப்பமா?
ஓடிப்போய்க் கிழித்தேன்.
கையால் ஒன்று எழுத உட்கார்ந்து
பகல் சாப்பாட்டு நேரம் போனது.

பலன் படிவத்தையும் நிரப்பி அனுப்பியிருந்தார்.
யாரும் அவரிடம் இன்னும் கேட்கவில்லை.
மூன்று தடவை சாப்பிட்டார்.
கடைசித் தடவை கஸ்டர்ட் முழுவதும்.

எண் மட்டுமே ஏற்கும் கட்டம் அது.
3.
கட்டம் பச்சையானது.

அடுத்த கோப்பில் நாற்காலிக்காரர்.
இரண்டு விலைப்பட்டியல்தான் வந்திருந்தது.
இரண்டையும்
மூன்று என்று எண்ணினேன்.